வட்டத்திலிருந்து மாநாட்டுக்கு: முதல்முறை பிரதிநிதியாகப் போகும் வடசென்னைக்காரர்களுக்கு

உங்கள் கட்சியின் வட்டக் கூட்டத்தில், அதாவது வார்டு அளவிலான அமைப்பின் கூட்டத்தில், யாரோ உங்கள் பெயரைச் சொல்லி, இன்னொருவர் ஆமோதித்து, செயலாளர் மினிட் நோட்டில் எழுதிக்கொண்டுவிட்டார் என்றால் நீங்கள் இப்போது மாநாட்டுப் பிரதிநிதி. வீட்டில் சொன்னதும் "அங்கே போய் என்ன பண்ணப் போற?" என்ற கேள்வி வரும். பதிலைத் தெரிந்துகொண்டு வண்டி ஏறுவது நல்லது. கொடி கட்டவும் போஸ்டர் ஒட்டவும் பூத்தில் உட்காரவும் சொல்லித்தர வடசென்னையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பிரதிநிதியாகப் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால்தான் நல்ல உழைப்பாளிகள்கூட மாநாட்டுக்குப் போய், பேச்சைக் கேட்டு, சாப்பிட்டு, மாநாட்டு மலரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பிரதிநிதிக்கு இரண்டு வேலை. அனுப்பியவர்கள் சொன்னதை அங்கே போய்ச் சொல்வது ஒன்று. அங்கே முடிவானதை அனுப்பியவர்களிடம் வந்து சொல்வது இன்னொன்று. கீழே இருப்பதெல்லாம் இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்வதற்கான வழிகள்தான். எந்தக் கட்சிக்காரருக்கும் உதவும்படி எழுதியிருக்கிறேன். கட்சிக்குக் கட்சி நடைமுறை மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில், இது எந்த மாதிரிக் கூட்டம்?

மாநாடு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் சொல்கிறோம். உள்ளே நடப்பது வேறு வேறு. திடலில் பந்தல் போட்டு, லட்சக்கணக்கில் ஆட்களைத் திரட்டி, கொடியேற்றி, தலைவர்கள் பேசி முடிக்கும் மாநாடு ஒரு வகை. அங்கே உங்கள் பகுதியின் பலத்தைக் காட்டுவதுதான் உங்கள் பங்கு. மேடையில் படிக்கும் தீர்மானங்கள் முன்பே முடிவானவை. திராவிடக் கட்சிகளில் முடிவெடுக்கும் இடம் பொதுக்குழு, செயற்குழு. அங்கே வருகைப் பதிவேடு, அடையாள அட்டை, தீர்மானம், கையெழுத்து என்று எல்லாமே கணக்கு. இடதுசாரிக் கட்சிகளில் பிரதிநிதிகள் மாநாடு என்பது கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் விவாதிப்பது. கிளையில் தொடங்கி, பகுதி, மாவட்டம், மாநிலம் என்று ஏறி, கடைசியில் அகில இந்திய மாநாட்டில் முடியும். மார்க்சிஸ்ட் கட்சியின் 24ஆவது அகில இந்திய மாநாடு 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்தபோது, அதற்கு முன் தமிழ்நாடு முழுக்கக் கிளை மாநாடுகள் நடந்து முடிந்திருந்தன.

ஆனால் திடல் மாநாடு என்றால் அங்கே ஒன்றும் முடிவாகாது என்று நினைத்துவிட வேண்டாம். தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதை தி.மு.க. 1956இல் திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்து, வந்திருந்தவர்களின் வாக்கை வாங்கித்தான் தீர்மானித்தது. 1957 தேர்தலில் அந்தக் கட்சி முதல்முறையாகப் போட்டியிட்டது அந்த முடிவின்படிதான். அந்த வாக்குகளைப் போட்டது ஊர் ஊராக வந்த சாதாரண ஆட்கள்.

ஆகவே அழைப்பு வந்ததும் உங்கள் வட்டச் செயலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நான் பிரதிநிதியா, பார்வையாளரா? நான் அங்கே பேசலாமா? எனக்கு வாக்கு உண்டா? பார்வையாளர் என்றால் உள்ளே உட்காரலாம், கேட்கலாம், வாக்கு கிடையாது. வண்டி கிளம்பிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு மனம் சோர்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெயர், அட்டை, சட்டதிட்டம்

உங்கள் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பட்டியலில் உள்ள பெயரும் வாக்காளர் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வடசென்னையில் வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், தெருவில் ஒரு பட்டப்பெயர் என்று வாழ்கிறவர்கள் ஏராளம். வாசலில் நிற்கிற தொண்டருக்கு உங்கள் பட்டப்பெயர் தெரியாது. அரசு ஊழியராக இருப்பவர் கட்சி உறுப்பினராகவே இருக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன.

அப்புறம், உங்கள் கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். எல்லாக் கட்சிக்கும் ஒன்று இருக்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி பதிவு செய்யும் கட்சி தன் சட்டதிட்டத்தைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்தாக வேண்டும். உட்கட்சித் தேர்தலைக் குறிப்பிட்ட கால இடைவெளியில், அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்துவதற்கான விதி அதில் இருக்க வேண்டும் என்று ஆணையம் கேட்கிறது. சின்னப் புத்தகம்தான். கூட்டத்தை யார் கூட்டலாம், எத்தனை நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்ற பக்கங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இது வீண் வேலை இல்லை. 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் நடந்த அ.தி.மு.க. பொதுக்குழு செல்லுமா செல்லாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 பிப்ரவரி 23 அன்றுதான் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. யார் கூட்டினார்கள், முறைப்படி அறிவிப்பு போனதா என்பவைதான் வாதத்தின் நடுவில் நின்றன. உங்களுக்கு வரும் அழைப்புக் கடிதத்தைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தை நீங்களே போடுங்கள். வெற்றுத் தாளில் "சும்மா ஒரு கையெழுத்து" என்று யார் கேட்டாலும், எவ்வளவு பழகிய அண்ணனாக இருந்தாலும், "என்னண்ணே எழுதப் போறீங்க, எழுதிக் குடுங்க, படிச்சிட்டுப் போடறேன்" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நகலைப் படிப்பது

பிரதிநிதியின் வேலையில் பாதி இங்கேதான் நடக்கிறது. வண்டி ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே, நம் தெருவிலேயே.

இடதுசாரிக் கட்சிகளில் நகல் தீர்மானம், அதாவது மாநாட்டில் விவாதிக்கப்போகும் தீர்மானத்தின் வரைவு, புத்தகமாகவே வந்துவிடும். மார்க்சிஸ்ட் கட்சியில் அகில இந்திய மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நகல் அரசியல் தீர்மானத்தை வெளியிட வேண்டும், எந்த உறுப்பினரும் திருத்தம் அனுப்பலாம் என்பது விதி. மற்றக் கட்சிகளில் பொதுக்குழுவுக்கு முன்பே தீர்மான வாசகம் கைக்கு வருவது குறைவு. அப்படியானால் உங்கள் விஷயத்தை நுழைக்க வேண்டிய இடம் பொதுக்குழு மேடை இல்லை. அதற்கு முந்தைய பகுதிக் கூட்டமும் மாவட்டச் செயற்குழுவும்தான். மேடையில் தீர்மானத்தைப் படித்து, அரங்கமே கைதட்டி நிறைவேற்றும் நேரத்தில் நீங்கள் எழுந்து "எங்க ஏரியா குப்பைமேடு விட்டுப்போச்சு" என்று சொன்னால் யார் காதிலும் விழாது. மாவட்டச் செயலாளரிடம் பத்து நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் விழுவதற்கு வாய்ப்பு உண்டு.

நகல் கிடைத்தால் தனியாகப் படிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படிப்பகத்தில் அஞ்சாறு பேரைக் கூட்டி, ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். நம் பகுதியில் படிப்பகங்கள் இதற்காகத்தான் கட்டப்பட்டன. காலையில் தினசரியை ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட பழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரம்மாவும் ஹார்பர் கூலிக்காரரும் தீர்மானத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. சத்தமாகப் படிக்கும்போது இன்னொன்றும் நடக்கும். எந்த வரி வெறும் சொல், எந்த வரியில் விஷயம் இருக்கிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். "ஆவன செய்ய வேண்டும்", "உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். திருத்தம் தேவைப்படும் இடங்கள் அவைதான்.

யார் யாரைக் கூப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டும். கட்சிக்காரர்களை மட்டும் கூப்பிட்டால் கட்சிப் பேச்சுதான் வரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தினம் காத்துக் கிடக்கும் ஆட்டோக்காரர், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையில் பிள்ளையை வளர்க்கும் அம்மா, எண்ணூர் முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிக்கும் பெண், வியாசர்பாடியில் மழை பெய்தால் கட்டிலின் மேல் அடுப்பு வைக்கும் குடும்பம், இவர்களில் இரண்டு பேராவது அந்தச் சாயங்காலம் உட்கார்ந்திருக்க வேண்டும். டீயும் பஜ்ஜியும் வாங்கி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

திருத்தம் எழுதும் முறை

பேசி முடித்ததும் கையோடு எழுதிவிட வேண்டும். நல்ல கருத்து மோசமாக எழுதப்பட்டதால் தள்ளுபடியாவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. ஒரு மாதிரி காட்டுகிறேன்.

நகலில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "தொழிற்சாலை மாசைக் கட்டுப்படுத்த அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்."

பலர் அனுப்பும் திருத்தம் இப்படி இருக்கும்: "வடசென்னை மக்கள் பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கப்படுகிறார்கள். இதைத் தீர்மானத்தில் அழுத்தமாகச் சேர்க்க வேண்டும்." மனக்குறை நியாயமானது. ஆனால் திருத்தங்களைப் பிரித்துப் பார்க்கும் குழுவுக்கு இதை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்று தெரியாது. ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

இப்படி எழுதுங்கள்:

"பக்கம் 14, பத்தி 3, வரி 2. 'உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்பதை நீக்கிவிட்டு, 'எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டார ஆலைகளில் வாயுவோ எண்ணெயோ கசிந்தால் உடனே ஒலிக்கும் சைரன் குடியிருப்புகளுக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை மக்களோடு வெளியேற்ற ஒத்திகை நடத்த வேண்டும். தொழில் இழந்த மீனவர்களுக்கு இழந்த நாட்களைக் கணக்கிட்டு இழப்பீடு தர வேண்டும்' என்று சேர்க்க வேண்டும். காரணம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்து ஓடினார்கள்."

இடம், நீக்க வேண்டியது, சேர்க்க வேண்டியது, காரணம் என்று வரிசையாக இருந்தால் குழுவில் இருப்பவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். காரணம் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். ஒரு தாளில் ஒரு திருத்தம்தான். கீழே உங்கள் பெயர், வட்டம், பிரதிநிதி எண். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கி வையுங்கள்.

எத்தனை திருத்தம் கொண்டுபோகலாம்? என்னைக் கேட்டால் இரண்டு போதும். பத்து கொண்டுபோகிறவருக்கு எதற்காகச் சண்டை போடுவது என்று அவருக்கே தெரியாது.

செலவு, பயணம், பை

கூலி வேலைக்குப் போகிறவர் இரண்டு மூன்று நாள் மாநாட்டில் உட்கார்ந்தால் அந்த நாட்களின் வருமானம் போய்விடும். இதை வெட்கப்படாமல் வட்டத்தில் பேச வேண்டும். பிரதிநிதிக் கட்டணம், பயணச் செலவு, இழக்கும் கூலி, மூன்றையும் கிளை உறுப்பினர்கள் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் முறையான வழி. தனி ஒருவரிடம் செலவுக்கு வாங்காதீர்கள். காசு கொடுத்தவர் சொல்கிறபடி கை தூக்க வேண்டிய நிலை வரும். கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

மாநாட்டுத் தேதி நம் கையில் இல்லை என்றாலும், மாவட்டத்தில் தேதி பேசும்போது காசிமேட்டுக்காரர்கள் ஒன்றை நினைவூட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் காலம் அது. அப்போது கூட்டம் வைத்தால் அவர்கள் வருவார்கள். மற்ற மாதங்களில் வைத்துவிட்டு "மீனவர்கள் வருவதே இல்லை" என்று குறை சொல்வது சரியில்லை.

மதுரைப் பக்கம் என்றால் எழும்பூரிலிருந்து ரயில். சேலம், கோவைப் பக்கம் என்றால் சென்ட்ரல். சில வண்டிகள் பெரம்பூரிலும் நிற்கும், பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்கு அது எளிது. தெற்கே பஸ்ஸில் போவதானால் கிளாம்பாக்கம் போய்ச் சேர வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் ஆட்கள் அதற்கே தாராளமாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் பகுதிக்கு ஒரு வேன் பேசிவிடுவார்கள். அப்படிப் போனால் ஓட்டுநர் முந்தின ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். வேன் கூரையில் ஏறுவது, படியில் தொங்கிக்கொண்டு கொடி ஆட்டுவது இரண்டுக்கும் இடம் கொடுக்காதீர்கள். மாநாட்டுக்குப் போன பிள்ளை பிணமாக வந்த வீடுகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

பையில் உறுப்பினர் அட்டை, வாக்காளர் அட்டை, அழைப்புக் கடிதம், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, திருத்த நகல்கள். அப்புறம் பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், துண்டு, தினம் சாப்பிடும் மாத்திரை. சர்க்கரை இருப்பவர்கள் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பந்தி எப்போது போடுவார்கள் என்று எந்த மாநாட்டிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கரைவேட்டி ஒன்று போதும், மாற்றுவதற்குச் சாதாரண உடை எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும்

பதிவு மேசைக்குத்தான் முதலில் போக வேண்டும். அங்கே பேட்ஜ், கோப்பு, நிகழ்ச்சி நிரல் கொடுப்பார்கள். இடதுசாரி மாநாடுகளில் ஒரு விவரப் படிவமும் தருவார்கள். வயது, தொழில், கட்சியில் சேர்ந்த ஆண்டு, சிறை சென்ற விவரம் எல்லாம் கேட்டிருக்கும். அதைக் கவனமாக நிரப்புங்கள். அதை வைத்துத்தான் தகுதி ஆய்வுக் குழு கடைசி நாளில் அறிக்கை கொடுக்கும். எத்தனை பெண்கள் வந்தார்கள், எத்தனை பேர் உடலுழைப்புத் தொழிலாளர்கள் என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. வடசென்னைக்காரர் தொழிலை மறைத்து "சுயதொழில்" என்று எழுதினால் அந்தக் கணக்கிலிருந்து நம் ஆட்கள் காணாமல் போவார்கள். சுமை தூக்குகிறவர் சுமைத் தொழிலாளி என்றே எழுதுங்கள்.

நிகழ்ச்சி ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான்: கொடியேற்றம், மறைந்தவர்களுக்கு அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, அறிக்கை, அதன் மேல் விவாதம், விவாதத்துக்குப் பதில் சொல்லும் தொகுப்புரை, தீர்மானங்கள், தேர்தல் இருந்தால் தேர்தல், நன்றியுரை. அறிக்கைக்கும் தொகுப்புரைக்கும் நடுவில்தான் உங்கள் நேரம். அந்தப் பகுதியில் டீக்கடைப் பக்கம் போய்விடாதீர்கள்.

பெரிய திடலில் உட்காரும்போது முதல் வேலையாக வெளியேறும் வழி எங்கே என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஒரு கட்சியின் பிரச்சாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் தலைவர் வரும் நேரத்தில் மேடைப் பக்கம் முண்டாதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப் போகவே வேண்டாம். உங்கள் வேனில் வந்தவர்கள் பிரிந்துபோனால் எங்கே சேர்வது என்று ஒரு இடத்தை முன்பே பேசி வையுங்கள்; கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காது. பெண் பிரதிநிதிகள் கழிப்பறை எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று வரவேற்புக் குழுவிடம் போன உடனே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அங்கேயே புகார் சொல்லுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்ற பதிலை ஏற்க வேண்டாம். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் நிலைமையில் எந்தப் பெண்ணாலும் விவாதத்தில் கவனம் செலுத்த முடியாது.

மூன்று நிமிடம்

பேச விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் பெயர், வட்டம், பேசப்போகும் விஷயம் எழுதித் தலைமையிடம் கொடுக்க வேண்டும். முதல் அரை மணியிலேயே கொடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் கிடைக்கும், சில இடத்தில் ஐந்து. நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள்.

நம் மேடைப் பழக்கத்தில் முதல் இரண்டு நிமிடம் விளிப்பதிலேயே போய்விடுகிறது. மேடையில் இருப்பவர்கள் பெயர் ஒவ்வொன்றாக, அடைமொழியோடு சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். உங்களுக்கு அந்த நேரம் இல்லை. இப்படித் தொடங்கலாம்:

"தலைவர் அவர்களே, பிரதிநிதிகளே, வணக்கம். நான் காசிமேட்டுல இருந்து வர்றேன். ஐஸ் விலையும் டீசல் மானியமும், இந்த ரெண்டைப் பத்தி மட்டும் பேசறேன்."

அவ்வளவுதான். மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். அடுத்து, நடந்த ஒரு விஷயத்தை ஊர், தேதியோடு சொல்லுங்கள். அப்புறம் உங்கள் திருத்தத்தைப் பக்கம், பத்தி சொல்லி அப்படியே படியுங்கள். கடைசியாக, இதை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். முழுப் பேச்சையும் கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் வரக் கூடாது. முந்தின ராத்திரி தங்குமிடத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் ஒருமுறை பேசிக் காட்டுங்கள். செல்போனில் நேரம் பாருங்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேடைத் தமிழ் வராது என்பதற்காக வடசென்னைக்காரர்கள் பலர் சீட்டே கொடுப்பதில்லை. நம் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள் என்ற பயம். தயவுசெய்து அந்தப் பயத்தை விடுங்கள். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதற்கு உயிர் கொடுத்தவர்கள் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளிகள். 1925 டிசம்பரில் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலர் சென்னை மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில். கூட்டம், சங்கம், கட்சி என்பதெல்லாம் நம் தெருக்களுக்கு வெளியிலிருந்து வந்த விஷயங்கள் இல்லை. வீட்டில் பேசுகிறபடியே பேசுங்கள். வார்த்தை தெளிவாக விழுந்தால் போதும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, மெதுவாகப் பேசுங்கள்.

உங்களுக்கு முன்பே ஒருவர் உங்கள் விஷயத்தைப் பேசிவிட்டால் திரும்பப் பேசாதீர்கள். "எனக்கு முன்னாடி பேசின மணலி அக்கா சொன்னதை ஆதரிக்கிறேன், கூடுதலா ஒண்ணு" என்று ஒரு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவை இடைவேளையில் பார்த்து, இரண்டு திருத்தத்தையும் ஒன்றாக்கி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பல வட்டங்களிலிருந்து ஒரே திருத்தம் வந்தால் குழு அதை எளிதில் தள்ளிவிடாது. மாநாட்டின் பாதி வேலை இப்படி டீ இடைவேளையில்தான் நடக்கிறது.

கை தூக்கும்போது

எதற்குக் கை தூக்குகிறோம் என்று தெரியாமல் தூக்க வேண்டாம். புரியவில்லை என்றால் "தீர்மானத்தை இன்னொரு தடவை படிங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பொறுப்பாளர்கள் தேர்வில் பெரும்பாலும் ஒரு பட்டியல் முன்வைக்கப்படும். மார்க்சிஸ்ட் கட்சியில் அந்தப் பட்டியலுக்கு வெளியே எந்தப் பிரதிநிதியும் வேறு பெயரை முன்மொழியலாம். போட்டி வந்தால் ரகசிய வாக்கெடுப்பு. 2025 மதுரை மாநாட்டில் மத்தியக் குழுவுக்கே போட்டி வந்து வாக்கெடுப்பு நடந்தது. உங்கள் கட்சியில் என்ன விதி என்பதைத்தான் சட்டதிட்டப் புத்தகத்தில் முன்பே பார்க்கச் சொன்னேன்.

வட்டம் உங்களிடம் ஒரு முடிவைச் சொல்லி அனுப்பியிருந்தால் அதன்படி வாக்களியுங்கள். சொல்லாத விஷயத்தில் விவாதத்தைக் கேட்டு உங்கள் அறிவுப்படி முடிவெடுங்கள். எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்று நோட்டில் அப்போதே எழுதிவிடுங்கள். உள்விவாதத்தை வீடியோ எடுத்து வெளியில் போடாதீர்கள். அங்கே மனம் திறந்து பேசியவருக்கு அது துரோகம்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் அறிக்கையிடல் கூட்டம் போட வேண்டும். தள்ளிப்போனால் நடக்காது. மெட்ரோ பிடித்து விம்கோ நகர் வரை போக வேண்டியவர்களும் இருப்பார்கள் என்பதால் ராத்திரி ஒன்பதுக்குள் முடியும்படி வையுங்கள். நகலைப் படித்த அன்று வந்த ஆட்டோக்காரரையும் குப்பைமேட்டுப் பக்கத்து அம்மாவையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.

யார் எப்படிப் பேசினார், சாப்பாடு எப்படி, கூட்டம் எவ்வளவு என்பதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள், சொல்லாமல் இருக்கவும் முடியாது. அப்புறம் வட்டம் அனுப்பிய இரண்டு திருத்தங்களுக்கு வாருங்கள். ஏற்கப்பட்டதா, மாற்றி ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா? தொகுப்புரையில் என்ன காரணம் சொன்னார்கள்? நோட்டைப் பார்த்துப் படியுங்கள். நிராகரித்திருந்தால் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். "நம்மளுது விழுந்துடுச்சு, காரணம் இதுன்னு சொன்னாங்க" என்றால் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால்தான் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

ஏற்கப்பட்ட திருத்தம் என்றால் வேலை அப்போதுதான் ஆரம்பம். அதை வைத்து வார்டு அலுவலகத்தில் மனு கொடுப்பதா, மண்டல அலுவலகம் போவதா, ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகம் போவதா, யார் போவது, என்றைக்கு என்று அந்தக் கூட்டத்திலேயே தேதி குறியுங்கள். நிராகரிக்கப்பட்டதை அடுத்த மாநாட்டுக்கு மறுபடியும் அனுப்புவதா, விட்டுவிடுவதா என்று கூட்டத்தைக் கேட்டு, வந்த முடிவை மினிட் நோட்டில் எழுதி, வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களிடம் கைநாட்டு.